மூச்சு வாங்கும் பெட்டி

ஆண்டு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. ஒசாகாவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் துடைப்பமும் வாளியுமாக நின்றார்கள். பழைய ஆண்டின் அழுக்கைப் புது ஆண்டுக்குள் கொண்டுபோகக் கூடாது அல்லவா?

கொதோனேவின் வீட்டில் சமையலறை அம்மாவுக்கு, ஜன்னல்கள் அப்பாவுக்கு. பத்து வயது கொதோனேவுக்கு டிவி மேசையின் பின்பக்கம் கிடைத்தது.

"பாத்து. அங்க எலி குடும்பம் நடத்திட்டிருக்கும்" என்றான் அண்ணன் ரியோஸ்கே. சக்கர நாற்காலியில் இருந்தபடி எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பது அவன் வேலை. அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான்.

"எலி இல்ல. நீ தொலைச்ச பென்சில் மூணு இருக்கு."

"அப்ப எலிதான் திருடிட்டுப் போயிருக்கு."

மேசைக்குப் பின்னால் ஒரு முழம் தூசி. கொதோனே எல்லா ஒயர்களையும் பிடுங்கினாள். ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு எல்லாவற்றையும் திரும்பச் சொருகினாள். கன்னங்கரேலென்று இரண்டு அடாப்டர்கள் இருந்தன. ஒன்று அப்பாவின் ரேடியோவுக்கு, இன்னொன்று அண்ணனின் கேம் பெட்டிக்கு. இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நீளம். ஆளுக்கொன்றாகச் சொருகிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

மாலையில் ரியோஸ்கே கேம் பெட்டியைப் போட்டான். படம் வரவில்லை. கருகிய வாசனைதான் வந்தது.

அது அம்மா பள்ளிக்கூடம் போன காலத்துப் பெட்டி. அடாப்டரை மாற்றிச் சொருகினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும், உள்ளே இருப்பதெல்லாம் வெந்துபோகும் என்பது கொதோனேவுக்கு எப்படித் தெரியும்? ரேடியோ தப்பித்தது. அதை யாரும் போடவில்லை.

"பழசுதானே. எப்பவோ போக வேண்டியது" என்றான் ரியோஸ்கே.

அவன் திட்டியிருந்தால் கொதோனேவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சாதாரணப் பெட்டியாக இருந்தால் இவ்வளவு துக்கம் இல்லை. ரியோஸ்கேவுக்குப் பதின்மூன்று வயது. உடம்பின் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. முதலில் ஓட்டம் போனது. பிறகு மாடிப்படி போனது. இரண்டு வருஷத்துக்கு முன் நடையும் போனது. "கை மட்டும் இன்னும் என் பேச்சைக் கேக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

புதுக் கேம்களின் கன்ட்ரோலர் அவனுக்குக் கனம். அதில் பொத்தான்களும் பதினாறு. பழைய பெட்டியின் கன்ட்ரோலரோ ஒரு சாக்லேட் கட்டியின் எடைதான் இருக்கும். இடது கட்டைவிரலுக்கு ஒரு சிலுவைப் பொத்தான், வலது கட்டைவிரலுக்கு இரண்டு பொத்தான், அவ்வளவுதான்.

அதில் அவன் விளையாடியது 'ஆந்தைப் படை'. ஒரு குட்டி ஆந்தை காட்டுக்குள் பறந்து போகும். ஏழாவது லெவலில் ஒரு குகை வரும். நாற்பது வௌவால்கள் ஒரே நேரத்தில் பாயும். அந்த இடத்தைத் தாண்டியவன் அவர்கள் வீட்டில் ரியோஸ்கே ஒருவன்தான். அப்பா மூன்றாவது லெவலுக்கு மேல் போனதில்லை. கொதோனேவின் ஆந்தை மரத்தில் முட்டிச் சாவதற்கென்றே பிறந்தது.

அக்டோபரில், ரியோஸ்கேவின் பிறந்தநாள் அன்று, அவன் அந்தக் குகையைத் தாண்டியதை அம்மா போனில் படம் பிடித்தாள். வீடே கை தட்டியது.

புத்தாண்டு அன்று தெப்பெய் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நிப்பொன்பாஷி கடைத்தெருவில் பழைய வீடியோ கேம் விற்கும் கடையில் வேலை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர்.

"மாப்ள, முகத்தை ஏன் சுட்ட மீன் மாதிரி வச்சிருக்க? மாமா வந்துட்டேன்ல?"

ஏற்கெனவே அவர் செத்த பெட்டியை எடுத்துப்போய்த் திறந்து பார்த்திருந்தார். "உள்ள எல்லாம் கரிக்கட்டை" என்று சொல்லியிருந்தார். இப்போது பையிலிருந்து ஒரு சின்னச் சாம்பல் நிறப் பெட்டியை வெளியே எடுத்தார்.

"இது பழைய பெட்டி இல்ல. பழைய பெட்டி மாதிரி நடிக்கிற பெட்டி. உள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். உன் கேசட்டைச் சொருகினா, நான்தான்டா அந்தப் பழைய மிஷின்னு கேசட்டையே நம்ப வச்சிரும்."

"அப்பிடியே இருக்குமா?" என்று கேட்டான் ரியோஸ்கே.

"நடிகன் அசல் ஆளைவிட அழகா இருப்பான்ல? அந்த மாதிரி. உனக்காக மேல கொஞ்சம் மெருகும் போட்டிருக்கேன். நினைச்ச இடத்துல நிறுத்தி வைக்கலாம், மறுநாள் அங்கிருந்தே தொடங்கலாம். இன்னொண்ணு பாரு."

மாமா கன்ட்ரோலரைக் காட்டினார். செத்த பெட்டியிலிருந்து வெட்டியெடுத்து, புதுப் பெட்டிக்குப் பொருந்துகிற மாதிரி ஒயர் வைத்திருந்தார். ரியோஸ்கேவின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான அதே கன்ட்ரோலர். ரியோஸ்கே அதை வாங்கி மடியில் வைத்துத் தடவினான். மூன்று நாளாக அவன் முகத்தைப் பார்க்காத கொதோனே இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

ஆந்தை பறந்தது. முதல் லெவல், இரண்டு, மூன்று. ஆறாவதையும் தாண்டியது. குகை வந்தது. வௌவால்கள் பாய்ந்தன. ஆந்தை செத்தது.

"மோச்சியை அளவில்லாம தின்னா இப்பிடித்தான்" என்றார் மாமா, தட்டிலிருந்த அரிசி உருண்டைகளைக் காட்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

மறுபடி குகை. மறுபடி செத்தது.

மாமா கிளம்பிப் போனார். மறுநாளும் ஆந்தை செத்தது. குகை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு ரியோஸ்கே திரும்பத் திரும்ப உள்ளே போனான். கொதோனே பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் எண்ணினாள். ஐந்தாம் தேதி வரை நாற்பத்தொரு தடவை. நாற்பத்தொரு தடவையும் செத்தது.

ஐந்தாம் தேதி ரியோஸ்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். தன் இரண்டு கட்டைவிரல்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணா?"

"அதே கேசட். அதே கன்ட்ரோலர். அதே டிவி" என்றான். "மாறினது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னது?"

"என் கை."

"குளிருதுல்ல, அதான் விரல் விறைச்சுப்போயிருக்கும்."

"மூணு மாசம் முன்னாடி தாண்டினேன். இப்ப முடியல. போச்சு கொதோ. கையும் போச்சு."

அவன் குரலில் அழுகை இல்லை. நாளைக்கு மழை என்று சொல்வது மாதிரி சொன்னான்.

அன்று இரவு முள்ளங்கியும் முட்டையும் போட்ட கொதிக்கிற குழம்பு. ரியோஸ்கேவுக்கு மிகவும் பிடித்தது. சாப்பாட்டுக் குச்சிகளை அவன் கையில் எடுக்கவே இல்லை.

"அம்மா, நீயே ஊட்டிவிடு."

"ஏன்டா? கை வலிக்குதா?"

"இல்ல. எப்படியும் ஒருநாள் நீதான் ஊட்டப்போற. இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

அம்மா முள்ளங்கியைத் துண்டாக்கி, ஊதி ஆறவைத்து, அவன் வாயில் வைத்தாள். அப்பா எழுந்து போய், கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவினார்.

பள்ளி திறந்தது. ஒரு வாரம் போனது. ரியோஸ்கே தானாகச் சாப்பிடவில்லை. எழுதவில்லை. பள்ளியில் படம் வரைவதையும் விட்டுவிட்டான் என்று அவன் ஆசிரியை போன் செய்தார்.

"உபயோகிக்காத கை சீக்கிரம் சோந்துபோகும்னு டாக்டர் சொல்லியிருக்காருடா" என்றாள் அம்மா.

"சோந்துபோனதை எதுக்கும்மா உபயோகிக்கணும்?"

வீட்டில் பேச்சு குறைந்துபோனது. தெப்பெய் மாமா போனில் சொல்லும் ஜோக்குகளுக்குக்கூட யாரும் சிரிக்கவில்லை. முன்பும் அவற்றுக்கு அதிகம் சிரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

கொதோனேவுக்கு ஒரே நினைப்புதான். நான் பெட்டியை எரித்தேன். எரிக்காமல் இருந்திருந்தால் அண்ணன் அந்தப் பழக்கத்திலேயே விளையாடிக்கொண்டு இருந்திருப்பான். அவன் கையைக் கெடுத்ததே நான்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்களே, தூசி துடைக்கப் போய் இவளுக்கு அப்படித்தான் ஆனது.

ஒருநாள் அவளுக்கு ஒரு முரட்டு யோசனை வந்தது. குகையை நானே தாண்டுகிறேன். மரத்தில் முட்டுகிற என் ஆந்தையே தாண்டிவிட்டால், அண்ணனுக்கு ரோஷம் வந்து மறுபடி கன்ட்ரோலரை எடுப்பான்.

அவளுக்கு மூன்று மணிக்குப் பள்ளி விடும். அண்ணனின் பள்ளிப் பேருந்து வர நாலரை ஆகும். நடுவில் வீட்டில் யாரும் இல்லை. டிவியைப் போட்டு, அண்ணன் குகை வாசலில் நிறுத்தி வைத்த இடத்தில் தொடங்கினாள்.

செத்தாள். மறுபடி தொடங்கினாள். செத்தாள். மூன்று நாள், தினம் ஒன்றரை மணி நேரம் செத்துக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு, பள்ளிப் பையிலிருந்து ஊதுகுழலை எடுத்தாள். மனசு சரியில்லாதபோது எதையாவது ஊதுவது அவள் பழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்களின் மனசு எப்படிப் போனாலும் சரி.

குகைப் பாட்டையே ஊதினாள். இரண்டு வருஷமாகத் தினமும் காதில் விழுந்த பாட்டு. டிவியில் ஆந்தையை ஒரு மூலையில் விட்டுக் குகையை ஓடவிட்டு, கூடவே ஊதினாள்.

முதல் வரி ஒத்துப்போனது. இரண்டாவது வரியில் டிவி முன்னால் போய்விட்டது, அவள் பின்னால் தங்கிவிட்டாள்.

மறுபடி ஊதினாள். மறுபடியும் அதே இடத்தில் பின்தங்கினாள். வௌவால்கள் கூட்டமாக வருகிற இடம் அது. அங்கே பாட்டு நீளும். சுட்ட மோச்சியைக் கடித்து இழுத்தால் நீளுமே, அப்படி நீளும். அவள் அப்படித்தான் ஊதுவாள். டிவியில் பாட்டு நீளவே இல்லை. நேராக ஓடியது.

நான் தப்பாகக் கற்றுக்கொண்டேனா என்று யோசித்தாள். யாரிடம் கேட்பது? சட்டென்று அக்டோபர் ஞாபகம் வந்தது.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கொதோனே போனைப் பிடுங்கினாள்.

"என்னடி அவசரம்?"

"ஒரே ஒரு நிமிஷம்மா."

பிறந்தநாள் வீடியோவைத் தேடி எடுத்தாள். குளியலறைக்குள் போய்க் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். ஆந்தை குகைக்குள் போகிறது. வௌவால்கள் வருகின்றன. பாட்டு நீளுகிறது. இழுத்து இழுத்து நீளுகிறது. பாட்டு மட்டுமல்ல, வௌவால்களும் தேன் குடத்தில் விழுந்த மாதிரி மெதுவாக நகர்கின்றன. ஆந்தையும் மெதுவாக நகர்கிறது. வௌவால் குறைந்ததும் எல்லாம் பழைய வேகத்துக்கு வருகின்றன.

கொதோனே போனோடு அண்ணனிடம் ஓடினாள்.

ரியோஸ்கே ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கைகள் இரண்டும் கம்பளிக்குள் இருந்தன.

"அண்ணா, உன் கை போகல."

"ஆரம்பிச்சிட்டியா?"

"நிஜமா சொல்றேன். பெட்டிதான் மாறியிருக்கு. பழைய பெட்டி வௌவால் வந்தா மெதுவாகும். இது ஆகல."

"கொதோ" என்றான், திரும்பாமலே. "அம்மா சமாதானம் சொல்லிட்டா. அப்பா சொல்லிட்டாரு. டீச்சரும் சொல்லிட்டாங்க. நீயாவது சும்மா இரு."

"சமாதானம் சொல்லல. நீ நம்ப வேண்டாம். பாத்தா போதும்."

"பாக்க மாட்டேன்."

"பாக்கலைன்னா குழல் ஊதுவேன். ராத்திரி பூரா ஊதுவேன்."

இதற்கு அவன் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. நாற்காலி மெதுவாகத் திரும்பியது.

கொதோனே போனை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். போனில் அக்டோபர் குகை. டிவியில் இன்றைய குகை. இரண்டையும் ஒரே நொடியில் ஓடவிட்டாள். ஆந்தையை இடது மூலையில் ஒளித்து வைத்தாள். வௌவால்கள் அங்கே கடைசியாகத்தான் வரும் என்பது பலமுறை செத்ததில் அவள் கற்ற ஒரே பாடம்.

இரண்டு இடத்திலும் முதல் வௌவால் ஒன்றாகக் கிளம்பியது. பத்து ஆனது, இருபது ஆனது. டிவி வௌவால்கள் தரையைத் தொட்டுவிட்டன. போன் வௌவால்கள் இன்னும் பாதி வழியில் இருந்தன.

"இன்னொரு தடவ போடு" என்றான் ரியோஸ்கே.

போட்டாள்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை முடிந்தபோது, அவன் ஒரு கையைக் கம்பளியிலிருந்து வெளியே எடுத்திருந்தான். அதை அவன் கவனிக்கவில்லை.

"மூச்சு வாங்கல" என்றான். "பழைய பெட்டி அந்த இடத்துல மூச்சு வாங்கும். நாற்பது வௌவாலை ஒண்ணாத் தூக்க அதால முடியாது. அப்பதான் நான் இடுக்குல புகுந்து போவேன். இந்தப் பெட்டிக்கு மூச்சே வாங்கல கொதோ."

அப்பாவும் அம்மாவும் கதவருகே வந்து நின்றிருந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தெப்பெய்க்குப் போன் போடு" என்றார்.

கொதோனே விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மாமா பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது அந்தக் குடும்ப வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

"மாமா, இருக்கியா?"

"இருக்கேன் குட்டி. நான்தான் அதை நிறுத்தினேன்."

"எதை?"

"அந்த மந்தத்தை. அது பழைய மிஷினோட குறைடா. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தனும் அதைத் திட்டாம போனதில்ல. அசல் மாதிரியே மந்தமா ஓடணுமா, மந்தம் இல்லாம ஓடணுமான்னு பெட்டியே கேக்கும். மாப்ளைக்கு நல்லதாத் தரணும்னு நான்தான் மந்தம் வேணாம்னு வச்சேன்." அவர் குரல் உடைந்தது. "அந்த மந்தத்துலதான் அவன் ஜெயிச்சுட்டிருந்தான்னு எனக்குத் தோணவே இல்லையே. நான் ஒரு முட்டாப்பய."

"எங்க மாத்தணும், சொல்லு."

"செட்டிங்ஸ் போ. கடைசிக்கு முந்தின வரி. அப்புறம் குட்டி, அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு. அதைக் குறைச்சா கேம் பூராவும் இன்னும் மெதுவாகும். தேவைப்பட்டா சத்தம் போடாம அதையும் குறைச்சு வை. அவன் ஜெயிக்கட்டும்."

கொதோனே அந்த வரியை மாற்றினாள். அதற்குக் கீழே இருந்ததைத் தொடவில்லை.

ரியோஸ்கே கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். ஆந்தை குகைக்குள் போனது. வௌவால்கள் பாய்ந்தன. பெட்டி திணறியது. பாட்டு நீண்டது. கொதோனே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆந்தை செத்தது.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சே" என்றான் ரியோஸ்கே. "இடது பக்கம் போயிருக்கணும். மடையன் மாதிரி வலது பக்கம் போனேன். இது என் தப்பு." அவன் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவனைக் கொதோனே அதுவரை பார்த்ததில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவன் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினான். அம்மா குச்சிகளை வைத்தாள். மீன் துண்டு இரண்டு தடவை நழுவிச் சட்டையில் விழுந்தது. அதற்காக அம்மா திட்டவே இல்லை. வீட்டில் சட்டைக் கறைக்குத் திட்டு விழாத முதல் நாள் அது.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை.

அடுத்த நாளும் ஆந்தை செத்தது. அதற்கடுத்த நாளும் செத்தது. சில நேரம் அவன் தப்பு. சில நேரம் தப்பே இல்லை, நினைத்த இடத்துக்கு விரல் போய்ச் சேர ஒரு கணம் தாமதமானது. அந்தத் தாமதத்தைக் கொதோனே பார்த்தாள். அவன் பார்த்ததையும் அவள் பார்த்தாள்.

மாத முடிவில் மருத்துவமனைக்குப் போனார்கள். கைப்பிடியின் வலுவை அளக்கும் ஒரு கருவியை அவன் முடிந்த மட்டும் அழுத்திப் பிடித்தான். டாக்டர் எண்ணைப் படித்தார். பழைய எண்ணோடு ஒப்பிட்டார்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றார். "ரொம்ப இல்ல, கொஞ்சம்தான்."

திரும்பும் வழியில் வண்டி ஆற்றுப் பாலத்தின்மேல் போகும்போது ரியோஸ்கே, "கொஞ்சம்தான்னு சொன்னாரு" என்றான். சிறிது தூரம் போனதும் மறுபடி, "கொஞ்சம்தான்" என்றான். கொதோனே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அவனைக் குளிக்கத் தூக்கிக்கொண்டு போனார். கொதோனே டிவி முன் தனியாக இருந்தாள். செட்டிங்ஸைத் திறந்தாள். கடைசி வரிக்கு வந்தாள். ஒரே ஒரு புள்ளி குறைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. இன்றைக்கே அண்ணன் ஜெயிப்பான், வீடு கை தட்டும்.

அவள் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமும் அண்ணன் பேசுவதும் கேட்டன.

"இல்லப்பா, இடது பக்கமா ஒதுங்கி, மூணாவது வௌவாலுக்கு அப்புறம் மேல போகணும். நீ என்ன, மூணாவது லெவலையே தாண்டாத ஆளு, உனக்கெங்க புரியும்?"

கொதோனே செட்டிங்ஸை மூடிவிட்டாள். ஒருமுறை அவன் தன் கையையே நம்பாமல் போனது பெட்டி பொய் சொன்னதால்தான். இன்னொரு பொய்யை அவள் அந்தப் பெட்டிக்குள் வைக்க விரும்பவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆந்தை குகைக்குள் போனது.

நாற்பது வௌவால்கள் கிளம்பின. பெட்டி திணறியது. பாட்டு இழுபட்டது. ரியோஸ்கேவின் நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. ஆந்தை இடது பக்கம் ஒதுங்கியது. முதல் வௌவால். இரண்டாவது. மூன்றாவது அதன் சிறகை உரசிக்கொண்டு போனது. ஆந்தை மேலே ஏறியது. கொதோனே கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு நீண்டுகொண்டே இருந்தது. பிறகு பழைய வேகத்துக்கு வந்தது.

கண்ணைத் திறந்தபோது குகைக்கு வெளியே நிலா இருந்தது.

இருவரும் கத்தவில்லை. ரியோஸ்கே கேமை நிறுத்தி வைத்துவிட்டு, கன்ட்ரோலரை மடியில் போட்டு, விரல்களை நீட்டி மடக்கினான்.

"கொதோ."

"ம்."

"செட்டிங்ஸ்ல கடைசியா ஒரு வரி இருக்குல்ல. எல்லாத்தையும் இன்னும் மெதுவாக்குறது."

கொதோனேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ அதைக் குறைச்சியா?"

"இல்ல. ஒரு தடவ குறைக்கப் போனேன். குறைக்கல."

அவள் முகத்தை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"அது எங்க இருக்குன்னு நல்லா ஞாபகம் வச்சுக்கோ. என் விரல் இன்னும் சோந்துபோகும். அப்ப வேணும். நானே உங்கிட்ட சொல்றேன். நான் சொல்றதுக்கு முன்னால தொடாத."

கொதோனேவுக்குக் கண் நிறைந்தது. அவள் துடைக்கவில்லை.

"நீ சொல்லாம தொட மாட்டேன்."

"சரி. இப்ப தள்ளி உக்காரு, டிவியை மறைக்கிற."

அவள் தள்ளி உட்கார்ந்தாள். ரியோஸ்கே பொத்தானை அழுத்தினான். எட்டாவது லெவல் தொடங்கியது.